ஒரே தாம்பாளம்

பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை எல்லை வரையில் செல்லும் நெடுஞ்சாலையை அந்திப்பொழுதில் ஒருமுறை கடந்து வருவோர்க்கு ஒரு மாறுதல் கண்ணிற் படாமற் போகாது. ஊணும் மீன்கறியும், மரச்சீனியும் இறைச்சியும் என்று எழுதிய பழைய பலகைகள் இன்னும் உள்ளன. அவற்றுக்குப் பக்கத்திலேயே குழிமந்தி, அல்பாம், ஷவர்மா என்னும் புதிய பலகைகள் வண்ண விளக்குகளோடு மின்னுகின்றன. சனிக்கிழமை மாலையாயின் அவ்விடங்களில் உட்கார நாற்காலி கிடைப்பது அரிது.

நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களும் அங்கே காணப்படுகின்றனர். இதுபற்றிச் சென்ற கூட்டத்திற்குப் பின் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் சிலர் இரண்டு குறைகளைச் சொன்னார்கள். ஒன்று, இது நமக்கு ஒட்டாத அயல்நாட்டு உணவு. மற்றொன்று, நாலைந்து பேர் ஒரே தட்டில் கைவைத்து உண்பது எச்சில். நம் வழக்கத்திற்கு அடாதது. "மந்தி என்றால் குரங்கு என்றுதானே பள்ளியில் படித்தோம்? அதை உண்ணவா இத்தனை கூட்டம்?" என்று ஒரு பாட்டனார் கேட்டபோது அனைவரும் சிரித்தோம். ஆயினும் அவர்கள் சொன்ன இரண்டு குறைகளும் சிரித்துத் தள்ளத்தக்கவை அல்ல. அவற்றை எடுத்துக்கொண்டு இம்மாதம் சிறிது ஆராய எண்ணுகின்றோம்.

முதலில் மந்தியின் வரலாறு. இது ஏமன் நாட்டின் ஹள்ரமவுத் என்னும் பகுதிக்கு உரிய உணவு. தரையில் குழி தோண்டி, அதன் அடியில் விறகிட்டுத் தணலாக்கி, அரிசிப் பாத்திரத்தை உள்ளே இறக்குவர். அரிசிக்கு மேலே இறைச்சியை வைத்துக் குழியின் வாயை மூடிவிடுவர். தணலின் சூட்டில் இறைச்சி வெந்து, அதன் சாறும் நெய்ப்பும் துளித்துளியாக அரிசியில் இறங்கும். பனி, ஈரம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து மந்தி என்ற பெயர் பிறந்தது என்பர். குழியில் வேவதால் மலையாளத்தார் அதற்குக் குழிமந்தி என்று பெயரிட்டனர். அல்பாம் என்பதும் அரபுச்சொல்லே; கரி என்பது பொருள். கரித்தணலில் சுட்ட கோழிக்கு அப்பெயர் வந்தது. ஷவர்மா என்பது சுழற்றுதல் என்னும் பொருளுடைய துருக்கிச் சொல்லின் வழி வந்தது. ஆகவே பாட்டனார்க்குக் குரங்கைப் பற்றிய அச்சம் வேண்டுவதில்லை.

இவ்வுணவுகள் நம் சாலைக்கு வந்தது எப்படி? 1973 ஆம் ஆண்டுக்குப் பின் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் வேலை பெருகிற்று. கேரளத்து இளைஞர் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர், விமானமேறினர். கொத்தனாராகவும் தச்சராகவும் ஓட்டுநராகவும் சமையற்காரராகவும் உழைத்தனர். அயலூரில் தனிமையில் வாழ்ந்தவர்க்கு வார விடுமுறை நாளில் பத்துப் பேர் கூடி உண்டதே திருவிழா. திரும்பி வந்தபோது பொன்னும் பணமும் கொணர்ந்தனர். அந்தக் கூட்டு உணவின் நினைவையும் கொணர்ந்தனர். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது விளங்காத செய்தி அன்று. நம் முன்னோர் சிலர் தறியோடும், சிலர் வெற்றிலைக் கட்டோடும், சிலர் அரசாங்க உத்தரவோடும் இப்பக்கம் வந்தவர்கள். அவரவர் ஊர்ச் சுவையை அவரவர் மடியில் கட்டிக்கொண்டே வந்தார்கள்.

உணவு இவ்வாறு இங்கே வந்தது. அரபு நாட்டுக்கும் அப்பால், மேற்கே உலகத்தின் மறுகோடியில் இருந்து வந்து, நம் கடற்கரையில் அமர்ந்து நம் சோற்றை உண்டு எழுதி வைத்தவர் ஒருவரும் உண்டு. அவர் மொராக்கோ நாட்டவர்; தாஞ்சியர் நகரில் 1304 ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா. 1325 ஆம் ஆண்டில், இருபத்தோராம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் பல்லாண்டுகள் உலகைச் சுற்றினார். 1340களில் மலையாளக் கரையில் கோழிக்கோடு, கொல்லம் முதலிய துறைமுகங்களைக் கண்டார். இலங்கை சென்றார். பின்னர் மதுரையில் அப்போது ஆண்ட சுல்தானிடமும் விருந்தினராக இருந்தார். ஊர் திரும்பியபின் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பயணநூல் 1355 ஆம் ஆண்டில் முடிவுற்றது.

மேற்குக் கடற்கரையில் ஹொன்னாவர் என்னும் ஊரின் சுல்தான் வீட்டு விருந்தை அந்நூலில் அவர் விரித்துரைக்கின்றார். அகப்பையால் சோறு இடுவார்கள். அதன்மேல் நெய் ஊற்றுவார்கள். ஊறவைத்த மிளகு, பச்சை இஞ்சி, எலுமிச்சை ஊறுகாய், மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றைப் பக்கத்தில் வைப்பார்கள். ஒரு கவளம் சோறு, ஒரு கடி ஊறுகாய் என்று உண்ணவேண்டும். அது தீர்ந்ததும் மீண்டும் சோறு இட்டுக் கோழிக்கறி வரும், பிறகு மீன், பிறகு காய்கறி. எல்லாவற்றுக்கும் இறுதியில் தயிர் வரும். தயிர் வந்துவிட்டால் இனி வேறொன்றும் வராது என்று அறிந்துகொள்ள வேண்டும் என்கிறார். உண்டபின் குடிப்பது வெந்நீர். மழைக்காலத்தில் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்பது காரணம்.

இதைப் படிப்போர்க்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் இடையே கழிந்தன என்று தோன்றுமா? இன்றும் நம் பந்தியில் மோர் வந்தால் இலையை மடிக்கும் நேரம் என்று அறிகின்றோம். நெய்யாற்றின்கரைக் கடைகளில் இன்றும் பதிமுகம் இட்டுக் காய்ச்சிய செந்நிற வெந்நீரைத்தான் குவளையில் ஊற்றுகின்றார்கள்.

ஆயினும் அந்த மொராக்கோக்காரர்க்கு நம் சோறு சலித்துவிட்டது. பதினொரு மாதம் அந்தச் சுல்தானிடம் ரொட்டியைக் கண்ணாலும் காணாமல் சோறே உண்டதாகவும், மாலத்தீவிலும் இலங்கையிலும் சோழமண்டலக் கரையிலும் மலையாளத்திலுமாக மூன்று ஆண்டுகள் சோற்றையே உண்டு, முடிவில் தண்ணீர் குடித்தால்தான் சோறு தொண்டையில் இறங்கும் என்ற நிலையை அடைந்ததாகவும் எழுதுகின்றார். வேற்றூரில் வேலைக்குப் போய், வீட்டுச் சமையலை நினைத்து ஏங்கிய எவரும் இந்த வரியில் தம்மையே காண்பர். நமக்குச் சோறு இல்லையென்றால் எப்படியோ, அப்படியே அவருக்கு ரொட்டி இல்லாமை.

அவர் நாட்டு உணவு நமக்கு அத்தனை அயலானதா என்றால், அதுவும் இல்லை. மொராக்கோவின் தலையாய உணவு குஸ்குஸ் எனப்படுவது. கோதுமை ரவையில் உப்புநீர் தெளித்து, விரல்களால் பிசறி உதிர்த்துச் சிறு மணிகளாக ஆக்குவர். கீழ்ப்பாத்திரத்தில் காயும் இறைச்சியும் கொதிக்க, அதன்மேல் துளையிட்ட மற்றொரு பாத்திரத்தில் இம்மணிகளை இட்டு ஆவியில் வேகவைப்பர். இதைக் கேட்டவுடன் நம் வீட்டுப் பெண்டிர் புட்டுக்குடத்தை நினைப்பார்களா, மாட்டார்களா? மாவில் உப்புநீர் தெளித்துப் பிசறுவதும், அடியில் நீர் கொதிக்க மேலே மாவு வேவதும் இரண்டிடத்திலும் ஒன்றே. அங்கே ரவை, இங்கே அரிசிமாவு. அங்கே கொண்டைக்கடலையும் காய்களும் இட்ட குழம்பு, இங்கே பயறும் பப்படமும். எலுமிச்சையை உப்பில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்து உண்பதும் அவர்கள் வழக்கமே. கூம்பு மூடியிட்ட மண்சட்டியில் மெதுவாக வேகும் தஜின் என்னும் குழம்பை, மண்சட்டி மீன்குழம்பு உண்டு வளர்ந்தவர்கள் அந்நியமாக எண்ணார்.

குஸ்குஸ் சமைக்கும் அறிவையும் உண்ணும் வழக்கங்களையும் 2020 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித இனத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மௌரிட்டானியா ஆகிய நான்கு நாடுகள் கூட்டாக விண்ணப்பம் செய்தன. எல்லைகளைக் குறித்து வழக்காடும் நாடுகளும் ஒரு சட்டிக்கு முன் ஒன்றாக நின்றன என்பது, எல்லைக்கோட்டின் மேலேயே குடியிருக்கும் நமக்கு எண்ணிப்பார்க்கத் தக்கது. 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது; அடுப்பில் விழவில்லை. களியக்காவிளைக்கு அப்புறமும் இப்புறமும் மரச்சீனி ஒரே விதமாகவே வேகின்றது.

பெரியவர்களின் முதற்குறைக்கு இவ்வளவு போதும். இனி இரண்டாவது குறை: ஒரே தாம்பாளத்தில் பலர் உண்பது.

மந்தி உண்ணும் இடங்களில் பெரிய வட்டத் தாம்பாளம் ஒன்றில் சோற்றைக் குவித்து, அதன்மேல் கோழியை வைத்துக் கொணர்கின்றார்கள். முழுக்கோழி மந்தி ஒன்று நான்கைந்து பேர்க்குப் போதும். மொராக்கோவில் வெள்ளிக்கிழமை குஸ்குஸ் உண்பதும் இவ்வாறே. பெரிய வட்டில் ஒன்றைச் சுற்றி வீட்டார் அனைவரும் அமர்வர். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வலக்கையால் உண்ணவேண்டும், அவரவர்க்கு எதிரே உள்ள பகுதியைத்தான் தொடவேண்டும், அடுத்தவர் பக்கத்திற்குக் கை நீளக்கூடாது. நல்ல துண்டு தம் பக்கம் இருந்தால் அதைப் பிய்த்து விருந்தினர் பக்கம் நகர்த்துவது பண்பு. ஆகவே கண்டபடி கலந்து எச்சிற்படுத்துவது அன்று அது. வேலி கட்டாமலே வரப்பை மதிக்கும் உழவர் நெறி போன்றது.

எனினும் எச்சில் என்ற சொல்லுக்குப் பின்னே நம் நாட்டில் வேறொரு வரலாறு மறைந்துள்ளது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. அதே இப்னு பதூதா மலையாளக் கரையில் வழிநடை போனபோது கண்டதை எழுதுகின்றார். வேற்று மதத்தவரான முஸ்லிம்களை இவ்வூர் மக்கள் வீட்டினுள் விடமாட்டார்கள். தம் பாத்திரத்தில் உண்ண விடமாட்டார்கள். அவர் உண்ட பாத்திரத்தை உடைத்துவிடுவார்கள். அல்லது அவரிடமே கொடுத்துவிடுவார்கள். முஸ்லிம்கள் இல்லாத ஊராயின் அவருக்காகச் சமைத்து வாழையிலையில் சோறிட்டுக் குழம்பு ஊற்றுவார்கள். எஞ்சியதை நாயும் பறவையும் தின்னும். அன்பில்லாமலா சமைத்தார்கள்? இல்லை. பசித்தவனுக்குச் சோறிடும் அறம் இருந்தது. பக்கத்தில் அமர்த்தும் துணிவு இல்லை.

இந்த நோய் அயல்நாட்டாரோடு நிற்கவில்லை. நம்மவருக்குள்ளேயே பந்திகள் பலவாகப் பிரிந்து கிடந்தன. அதை உடைத்தவர்கள் நம் அக்கம்பக்கத்திலேயே தோன்றினார்கள் என்பது நமக்குப் பெருமை. சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரைப் பயன்படுத்தவும், ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் வழிசெய்தார். திருவனந்தபுரத்தில் ரெசிடென்சி அலுவலில் இருந்த தமிழர் தைக்காடு அய்யா சுவாமிகள் (1814–1909) தைப்பூச நாளில் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற பேதமின்றி அனைவரையும் ஒன்றாக அமர்த்திப் பந்தி போஜனம் நடத்தினார் என்பர். நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புரத்தில் 1888 ஆம் ஆண்டு நாராயண குரு சிவனைப் பிரதிட்டை செய்தார். அவருடைய மாணவரான சகோதரன் அய்யப்பன் 1917 ஆம் ஆண்டு செறாயி என்னும் ஊரில் மிசிரபோஜனம் நடத்தினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளோடு அமர்ந்து உண்டதற்காக அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஊரார் ஏசினர். அவர் அதையே பட்டமாக ஏற்றார்.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதே போராட்டம் நடந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்டனர் என்ற செய்தியால் 1920களின் இடையில் தமிழகமே கொதித்தது. ரயில்வேயில் பணிபுரியும் நாம் மறக்கக்கூடாத செய்தியும் ஒன்றுண்டு. தென்னாட்டு ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே வண்டியில், ஒரே பலகையில் தோளுரச வந்தவர்கள் இறங்கி உண்ணும்போது மட்டும் பிரிந்து போகவேண்டும். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாமல் கிளர்ச்சி செய்தபின் 1941 ஆம் ஆண்டில் அப்பிரிவு நீங்கிற்று. வண்டிக்கு நெடுங்காலம் முன்பே தெரிந்த சமத்துவம் சாப்பாட்டு மேசைக்கு அப்போதுதான் தெரிந்தது.

இவ்வளவு பேர் வசைபொறுத்துப் பெற்றுத்தந்த ஒன்றைத்தான் இன்று நம் பிள்ளைகள் சனிக்கிழமை மாலையில் சிரித்துக்கொண்டே நுகர்கின்றார்கள். பக்கத்தில் இருப்பவன் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேளாமல் ஒரே சோற்றுக் குவியலில் கைவைக்கின்றார்கள். இதை எச்சில் என்று ஒதுக்குவதினும், அவர்கள் பாட்டனார்க்குக் கிட்டாத பேறு இது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வதே பெரியோர்க்கு அழகு.

ஆனால் இப்போது நாம் ஒரு கேள்வி எழுப்ப விரும்புகின்றோம். தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்தவர்களைப் பார்த்து மகிழ்ந்தோம். அமராதவர் யார் என்று பார்த்தோமா?

நம் நண்பர் குழாத்தில் ஆறு பேர். ரயில் நிலையத்தில் உடன் பணிபுரியும் மலையாளி நண்பர், பள்ளி ஆசிரியர் ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், பாலராமபுரத்துத் தறிக்காரர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவர், நாம். மாதம் ஒருமுறை வெளியே சென்று உண்பது வழக்கமாயிற்று. தறிக்கார நண்பர் முதல் மாதம் வந்தார். அடுத்த மாதம் வயிறு சரியில்லை என்றார். அதற்கடுத்த மாதமும் அதுவே. மருந்துக்கடை அண்ணாச்சி ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "மற்ற நாளெல்லாம் அவன் கல்லைத் தின்றாலும் செரிக்கிறது. நாம் சாப்பிடப் போகும் சனிக்கிழமை மட்டும் வயிறு கெடுகிறதே. நான் கொடுக்கும் எந்த மருந்துக்கும் இது அடங்காது, தம்பி."

அவர் சொன்னதன் பொருள் எல்லோர்க்கும் விளங்கிற்று. ஆறில் ஒரு பங்கு என்பது சிலருக்கு ஒரு மாலைச் செலவு; கைத்தறிக் கூலி வாங்குபவர்க்கு அது வீட்டு அரிசி. அவருக்காக நாங்கள் கொடுக்கிறோம் என்று நேரே சொன்னால் அவர் பின் ஒருபோதும் வரமாட்டார். பந்திக்கு அழைத்துத் தலைகுனிய வைப்பதினும் அழையாமை நன்று.

அண்ணாச்சியே ஒரு வழி கண்டார். அவர் கடை மேசைக்கடியில் மூடியில் துளையிட்ட தகரப் பெட்டி ஒன்றை வைத்தார். மாதத்தில் எப்போது வேண்டுமானாலும் அவ்வழியே வருபவர் முடிந்ததைப் போடலாம்; பத்தும் போடலாம், நூறும் போடலாம், போடாமலும் இருக்கலாம். யார் எவ்வளவு என்று கணக்கில்லை. ஆசிரியர் நண்பர், "இக்காலத்தில் கைப்பேசியிலேயே பணம் அனுப்பிவிடலாமே?" என்றார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். கைப்பேசி யார் எவ்வளவு அனுப்பினார் என்பதை எழுதி வைத்துக்கொள்ளும். தகரப் பெட்டிக்கு அந்த நினைவாற்றல் இல்லை என்பது அவர் வாதம். மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்து, நிறைந்திருந்தால் முழுக்கோழி மந்தி. குறைந்திருந்தால் சாலையோரத்தில் மரச்சீனியும் மீன்கறியும். மிகக் குறைந்திருந்தால் ஆளுக்கொரு சுலைமானியும் வடையும். மூன்றில் எதுவாயினும் ஆறு பேரும் உண்டு. பெட்டி வந்தபின் தறிக்கார நண்பர்க்கு வயிறு ஒருமுறையும் கெடவில்லை.

இதே இப்னு பதூதா 1352 ஆம் ஆண்டையொட்டி ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குச் சென்றபோது, அரசன் அனுப்பிய வரவேற்புப் பரிசு வருகிறது என்றார்கள். பட்டாடையும் பொன்னும் எதிர்பார்த்து எழுந்தார். வந்தவை மூன்று ரொட்டி, வறுத்த மாட்டிறைச்சி ஒரு துண்டு, ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தயிர். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்! உலகம் சுற்றியவர்க்கும் விருந்தைப் பண்டத்தால் அளக்கும் பழக்கம் விடவில்லை. நாம் அந்தச் சிரிப்பைச் சிரியாமல் இருக்கப் பழகவேண்டும்.

விடுபட்டவர் வேறு சிலரும் உளர். ஆசிரியர் நண்பர் புலால் உண்ணாதவர். மந்திச் சோறு இறைச்சியின் சாற்றிலேயே வேவது. கோழியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் உண்ணுங்கள் என்று அவரிடம் சொல்வது அறியாமை. அவருக்கென்று தனித்தட்டில் சப்பாத்தியும் காய்கறிக் குருமாவும் அதே மேசையில் வருகின்றன. ஒரே தட்டு என்பது கட்டாயம் அன்று. ஒரே பந்தி என்பதே கொள்கை. பிறர் விரதத்தை உடைத்துச் சமத்துவம் வளர்க்க முடியாது.

அடுத்து, நம் வீட்டுப் பெண்டிர். நண்பர் குழாம் என்றவுடன் ஆடவர் மட்டும் புறப்படுவது நம்மிடையே இயல்பாகிவிட்டது. சென்ற ஓணத்தையொட்டி ஒருமுறை குடும்பங்களோடு சென்றோம். ஆட்டோ ஓட்டும் நண்பரின் தாயார் அறுபது கடந்தவர். தாம்பாளத்தைச் சுற்றி அனைவரும் அமர்ந்து உண்டு முடித்தபின், "சோறு பரிமாற எழுந்திருக்காமல் தொடக்கம் முதல் கடைசி வரை உட்கார்ந்தே சாப்பிட்டது என் கல்யாணப் பந்திக்குப் பிறகு இன்றைக்குத்தான், மக்களே" என்றார். மந்தி அவருக்குப் பிடித்ததா என்று கேட்டதற்கு, உப்பு சற்றுக் குறைவு என்று மட்டும் சொன்னார். அவர் எதைப் பாராட்டினார் என்பது அங்கிருந்தோர்க்கு விளங்கிற்று.

இன்னும் ஒருவர் இருக்கின்றார்; தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைப்பவர். இக்கடைகளில் அடுப்படியிலும் மேசையிலும் பணிபுரிவோரில் பலர் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த இளைஞர். அவர்கள் பேசும் மலையாளத்தைக் கேட்டு நம் பிள்ளைகள் நகைப்பதுண்டு. நம் பாட்டனார் பேசிய மலையாளத்தைக் கேட்டும் ஒரு காலத்தில் இப்படித்தான் நகைத்தார்கள் என்பதை அப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊர்விட்டு வந்தவனை ஊர்விட்டு வந்தவனே இகழ்வது, படியேறியவன் ஏணியை உதைப்பது போன்றது.

உடல்நலம் கருதி ஒரு சொல் கூறாமல் இப்பகுதியை முடித்தல் தகாது. 2022 மே மாதத்தில் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார். வேகாத முட்டையில் செய்யும் மயோனைஸ் என்னும் வெண்குழம்பைக் கேரள அரசு 2023 சனவரியில் தடை செய்தது. சூட்டில் பதப்படுத்திய முட்டையையோ தாவர எண்ணெயையோ கொண்டு செய்ததையே பயன்படுத்த வேண்டும் என்றது. பொட்டலமாக வாங்கும் உணவின்மேல் அது சமைத்த நேரமும், எந்நேரத்திற்குள் உண்ண வேண்டும் என்பதும் குறிக்கப்பட வேண்டும் என்றும் அப்போது உத்தரவிட்டது. ஆகவே வெண்குழம்பு எதனால் ஆனது என்று கேட்க நாணவேண்டாம். கோழியின் எலும்போரத்தில் சிவப்பு இருந்தால் திருப்பி அனுப்பத் தயங்கவேண்டாம். மீந்ததை மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று வெளியிலேயே வைத்திருத்தல் வேண்டாம். பந்தியில் உடன் அமர்ந்தவரின் உடலும் நம் பொறுப்பே.

சங்கத்து அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. உங்கள் பிள்ளைகள் கூடி உண்ணப் போவதைத் தடுக்காதீர்கள். "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பதோடு நில்லாமல், "யார் வந்தார்கள்? யார் வரவில்லை? ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள். நம் சங்கமும் ஆண்டுவிழாவின்போது தமிழ்க் குடும்பங்கள் மட்டும் அமரும் பந்தியோடு மனநிறைவு கொள்ளாமல், அடுத்த வீட்டு மலையாளிக் குடும்பத்தையும், தெருமுனைக் கடையில் உழைக்கும் வடநாட்டுப் பையனையும் அழைத்து ஓரிலை கூடுதலாகப் போடுமாயின் எவ்வளவு சிறக்கும்! இலையில் இடுவது மந்தியாக இருக்கவேண்டும் என்பதில்லை. நம் வீட்டுப் புட்டும் பயறும் போதும். புட்டுக்குடம் ஒன்று அதிகமாக ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே. துளையிட்ட தகரப் பெட்டி ஒன்றை வாயிலருகே வைக்கவும் மறவாதீர்கள்.